முதற்பாகம் பார்த்தவர்

நீங்கள் முதற்பாகம் பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள். முகத்திலேயே தெரிகிறது. அப்படியானால் இன்று நாம் பார்க்கப்போகும் பிராணியைப் பற்றி உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதன் பெயர் 'முதற்பாகம் பார்த்தவர்'. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஊருக்கு ஒன்று உண்டு. பெரிய ஊரென்றால் இரண்டு இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று பேசாது. உலகத்தில் எது நடந்தாலும் அது இரண்டாந்தடவை நடக்கிறது என்றும், முதல்தடவை நடந்தபோது தான் முன்வரிசையில் இருந்தது என்றும், அப்போது எல்லாம் இதைவிடத் திறமாக இருந்தது என்றும் இந்தப் பிராணி நம்பும். இளையவளின் கலியாணப் பந்தியில் குந்திக்கொண்டு மூத்தவளின் கலியாணத்துச் சாம்பாரை நினைத்துப் பெருமூச்சு விடும். தேர்த்திருவிழாவில் போன வருடத்துத் தவிலைத் தேடும். செத்தவீட்டில்கூட, பந்தல் பலம், பாடை பலம், ஆனால் தகப்பன் செத்த அன்று பிள்ளைகள் அழுத அழுகை தாய்க்கு அழவில்லை, அது பலவீனம் என்று, வெற்றிலையை மடித்தபடி பக்கத்திலிருப்பவரின் காதுக்குள் தீர்ப்பு வாசிக்கும். பலம் மூன்று என்றால் பலவீனம் நாலு. எப்போதும் ஒன்று கூட. குறைத்துச் சொன்னால் தன் அறிவு குறைந்துவிட்டதாக ஊர் நினைக்குமே!

வேலணையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி திருவாளர் தியாகலிங்கம். வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் தெற்கே காலிப் பட்டினத்தில் இரும்புக்கடை நடத்தியவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் அதற்கு மேலிருந்த வீடும் எரிந்துபோக, மனைவி அன்னபூரணத்தோடு உடுத்த உடுப்புடன் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். அந்த அநியாயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, சிரிக்கவும் மாட்டோம். ஆனால் அந்த நெருப்பிலும் எரியாமல் அவரோடு கப்பலேறி வந்த சாமான் ஒன்று உண்டு. சினிமா பற்றிய அபிப்பிராயம். பட்டினத்தில் ஆங்கிலப் படம் பார்த்தவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் என்று ஊர் அவரைத் தூக்கி வைத்தது. அந்தக் கடிதங்கள் எல்லாமே 'இரண்டங்குல ஆணி இன்னும் வந்து சேரவில்லை' என்ற ஒரே பொருளைப் பற்றியவை என்பதை ஊர் விசாரிக்கவில்லை. நாங்கள் விசாரிக்கிற சனமா?

எண்பத்தைந்தில் வேலணைக்கு வீடியோ வந்தது. கொண்டுவந்தவர் ஏரம்பு. கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்ட பிறகு ஏரம்புவின் வள்ளம் கரையில் காய்ந்தது. வள்ளத்தின் எஞ்சினை விற்று ஒரு ரீவியும் டெக்கும் சின்ன ஜெனரேற்றர் ஒன்றும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாழ்ப்பாணம் போய், வாடகைக்குக் கசற் எடுத்து, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மத்தியானம் படம் காட்டுவார். ஏன் மத்தியானம்? பொழுதுபட்டால் ஆமிக்குப் பயந்து ஒருவரும் படலையைத் தாண்டாத காலம். பட்டப்பகலில் படம் காட்ட இருட்டு வேண்டும். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கக்கூடிய மண்டபம் ஊரில் ஒன்றுதான், அது வாசிகசாலை. வாசிகசாலை இல்லையென்றால் ஏரம்பு வீட்டு அடுப்பு எரியாது. இந்த ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வாசிகசாலையில் இருக்கும் ஒழுங்கு இது. முன்னுக்குக் கதிரைகள்; அவற்றில் நிர்வாகசபை. பின்னுக்குப் பாய், அதில் ஊர். வாசற்படிக்கு வெளியே மணல்; அதில் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நிற்பவர்கள். இவர்கள் வெளியேதான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை. எழுதாத சட்டத்தை எங்கள் ஊர் எழுத்துக்கூட்டாமலே வாசிக்கும். 'கல்வி எல்லோருக்கும் பொது' என்று உள்சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. மணலில் இருப்பவர்களுக்கு அந்தச் சுவர் தெரியாது. அவர்கள் பார்ப்பதற்காகக் கதவில் ஒரு பாதியைத் திறந்து வைப்பார்கள். அதனால் வெளிச்சம் உள்ளே வந்து படத்தைக் கெடுக்கிறது என்று தியாகலிங்கத்தார் அதையும் பலவீனத்தில் சேர்ப்பார்.

படம் முடிந்ததும் சடங்கு தொடங்கும். ஒருவரும் எழும்பமாட்டார்கள். நல்ல படமா, கூடாத படமா என்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வாசிகசாலைத் தலைவர் பரராசசிங்கம் மாஸ்டர், இளைப்பாறிய தலைமையாசிரியர், தொண்டையைச் செருமி, "தியாகலிங்கத்தார் சொல்லட்டும்" என்பார். தியாகலிங்கத்தார் கைக்கதிரையில் சாய்வார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டித் தலைப்பால் துடைப்பார், கூரையைப் பார்ப்பார். பிறகு பலம் மூன்று, பலவீனம் நாலு. அதைக் கேட்டபிறகுதான் எண்பது பேரும் தாங்கள் இரண்டு மணித்தியாலம் சொந்தக் கண்ணால் பார்த்தது என்ன என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஞாயிறு மண்டபம் ஏரம்புவுக்கு உண்டா இல்லையா என்பதையும் நிர்வாகசபை அந்தத் தீர்ப்பை வைத்தே முடிவுசெய்யும்.

ஆவணியில் ஒரு ஞாயிறு ஏரம்பு கொண்டுவரப் போவதாகச் சொன்ன படம், ஊரெல்லாம் ஒரு கிழமையாகக் காத்திருந்த படம். ஒரு மனிதன் பறப்பான். ரயிலை நெஞ்சால் நிறுத்துவான். பட்டினத்தையே தனியொருவனாகக் காப்பான். முதுகில் சிவப்புத் துணி கட்டியிருப்பான். அவனுடைய ஆங்கிலப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் ஊர் அவனுக்குச் 'சால்வைக்காரன்' என்று பெயர் வைத்தது. எங்களூரில் சால்வை போர்த்திய மனிதன் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டான். அங்கே பறக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வந்தது இரண்டாம் பாகம். முதற்பாகம் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் அகப்படவில்லை.

தியாகலிங்கத்தாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தக் கிழமை முழுவதும் பஸ் தரிப்பிடத்தில் முதற்பாகத்தின் கதை நடந்தது. காலியில், முன்வரிசையில், அவர் பார்த்த முதற்பாகம். ஒவ்வொரு நாளும் கதை கொஞ்சம் நீண்டது. வியாழக்கிழமை சால்வைக்காரனுக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள்.

உண்மை என்ன? முதற்பாகம் வந்த அன்று அவரும் அன்னபூரணமும் போனது உண்மை. வரிசையில் நின்றதும் உண்மை. ரிக்கற் முடிந்துவிட்டது என்று யன்னலைச் சாத்தியதும் உண்மை. தியாகலிங்கத்தார் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மிச்சக் கதையைப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக் காசாளர் சொன்னார். அவரும் படத்தைப் பார்த்தவரல்ல.

ஞாயிறு வந்தது. படம் நீளம், ஆகவே கசற் இரண்டு. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டியாயிற்று. வெளியே ஜெனரேற்றர் இரைகிறது. ஏரம்பு இருட்டுக்குள் இரண்டு கசற்றையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இதிலை எது முதல்? கடைக்காரர் ஆங்கிலத்திலை கிறுக்கியிருக்கிறார். எனக்கு விளங்கேல்லை."

கவனித்தீர்களா? 'எனக்கு விளங்கேல்லை' என்று ஏரம்பு எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! தியாகலிங்கத்தார் கசற்றை வாங்கி மூக்கருகில் பிடித்தார். இருட்டில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. பத்து அடி நடந்து வாசலுக்குப் போனால் வெளிச்சம் இருந்தது. ஆனால் வாசலில் மணற்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டுவதா? 'தெரியாது' என்றாவது சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து. அதுவும் முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஆணி நிறுத்த கை தானாக வேலைசெய்தது. இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று, மெல்லத் தூக்கிப் பார்த்தார். வலக்கையிலிருந்தது ஒரு நூல் பாரமாகப் பட்டது.

"இதுதான். போடு."

படம் தொடங்கியது. பெயரும் இல்லை, மேளமும் இல்லை. சால்வைக்காரன் சால்வை இல்லாமல், இடக்கையில் பெரிய கட்டோடு, ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பறக்க ஏலாதாம். ஊர் திகைத்தது. தியாகலிங்கத்தார் திரும்பிப் பார்த்து விளக்கம் சொன்னார்: இரண்டாம் பாகங்கள் இப்படித்தான் தடாரென்று கதைக்குள் போகும், கையிலிருக்கும் காயம் முதற்பாகத்தில் பட்டது. அந்தச் சண்டையைப் பார்த்திருக்கவேண்டுமே! பாயிலிருந்தவர்கள் பார்க்காததற்காக வெட்கப்பட்டார்கள்.

பிறகு சால்வைக்காரனுக்குப் பலம் திரும்பிற்று. துறைமுகத்தையே பனிக்கட்டியாக்கப் பார்த்த ஒற்றைக்கண்ணனோடு சண்டை பிடித்தான். பெரிய பாலம் ஒன்று இரண்டாக உடைந்தது. ஒற்றைக்கண்ணன் கடலில் விழுந்து செத்தான். பட்டினம் கைதட்டிற்று. கீழிருந்து மேலாகப் பெயர்கள் ஓடின. "நன்றி சொல்லுறாங்கள்," என்றார் தியாகலிங்கத்தார். "நடுவிலை நன்றி சொல்லுறது இப்ப புதுமுறை."

தேத்தண்ணி குடித்தார்கள். ஏரம்பு மற்றக் கசற்றைப் போட்டார்.

எக்காளம் முழங்க, திரை நிறையப் படத்தின் பெயர் வந்தது.

அந்தக் கணத்தில் தியாகலிங்கத்தாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்பி, "ஏரம்பு, நிப்பாட்டு, நான்தான் மாறித் தந்திட்டன்" என்றிருந்தால் எண்பது பேரும் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்திருப்பார்கள். பலகாரச் சட்டியில் விழுந்த ஈயை எடுத்தெறிகிற அளவு வேலை. ஆனால் அந்த மனிதருக்குக் கடை போய்விட்டது. கடையின் பெயர்ப்பலகையும் போய்விட்டது. ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெயர்ப்பலகை 'முதற்பாகம் பார்த்தவர்'. அதைத் தன் கையால் கழற்றுவாரா? குரலை இன்னும் உயர்த்தினார்.

செத்த ஒற்றைக்கண்ணன் உயிரோடு நடந்து வந்தான். "இவன் செத்தவன் இல்லை. செத்தவன்ரை தம்பி," என்றார். ஊர் ஏற்றுக்கொண்டது, தமிழ்ப் படங்களில் ஒரே முகத்தில் இரண்டு பேரைப் பார்த்துப் பழகிய சனம்தானே. உடைந்த பாலம் முழுசாக நின்றது. "உது வேறை பாலம்." அதையும் ஏற்றுக்கொண்டது. கடைசியில் சால்வைக்காரன் ஓடும் ரயிலை நிறுத்தப் போய், இரும்பு கிழித்து, இடக்கையில் காயம் பட்டு, பலம் போய், சால்வையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நனைந்து நடந்துபோனான். கசற் முடிந்தது. குழந்தைகள் அழுதன.

"தியாகலிங்கத்தார் சொல்லட்டும்," என்றார் மாஸ்டர்.

தியாகலிங்கத்தார் கண்ணாடியைத் துடைத்தார். முதற்பாகம் வெற்றியில் முடிந்தது, இரண்டாம் பாகம் தோல்வியில் முடிகிறது, இந்தத் துணிச்சல்தான் முதலாவது பலம் என்று தொடங்கினார். கதிரைகள் தலையாட்டின. பாய்களும் தலையாட்டின.

அப்போது வாசலுக்கு வெளியே மணலிலிருந்து ஒரு குரல் வந்தது. செல்லாச்சி, மார்க்கண்டுவின் புகையிலைத் தோட்டத்தில் பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைக்கிறவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர். போகவிடாதவர்கள் பலர் அன்றைக்கு உள்ளே கதிரைகளில் இருந்தார்கள்.

"ஐயா, ஒரு கேள்வி. கட்டு முதல், காயம் பிறகோ?"

கதிரைகள் வாசல் பக்கம் திரும்பின.

"முதல் பாகம் பாக்காத ஆக்களுக்கு உது விளங்காது," என்றார் தியாகலிங்கத்தார்.

"ஓம் ஐயா. முதல் பாகம் நான் பாக்கேல்லை," என்றார் செல்லாச்சி. "இதைப் பாத்தனான்."

சிரிப்பு மணலில் தொடங்கியது. வாசற்படி ஏறிற்று. பாய்களில் பரவிற்று. கதிரைகளின் கால் வரை வந்து நின்றுவிட்டது. மாஸ்டர் இரண்டு கசற்றையும் வாங்கிக்கொண்டு, நிர்வாகசபைத் தலைவர் ஒருவர் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார்: வாசலுக்கு நடந்து, மணற்காரர்களின் வெளிச்சத்தில் நின்று, எழுத்தை வாசித்தார். முகம் சிவந்தது.

"ஏரம்பு, மாறிப் போட்டிட்டாய்."

ஏரம்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாஸ்டர், நான் கேட்டனான். அண்ணைதான் எடுத்துத் தந்தவர்."

எல்லோரும் தியாகலிங்கத்தாரைப் பார்த்தார்கள். ஏரம்புவும் பார்த்தார். அதில் கோபமில்லை, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் 'சொல்லுங்கோவன்' என்று கேட்கிற பார்வை. முன்வரிசையிலிருந்த மூன்று பேர் கசற் கைமாறியதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றுமில்லை.

தியாகலிங்கத்தார் மூன்று பலத்தையும் சொல்லி முடித்தார். மூன்று பலவீனத்தையும் சொன்னார். அவை உங்களுக்கு வேண்டாம். பிறகு ஏரம்புவின் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"நாலாவது பலவீனம், படம் காட்டுறவருக்கு எழுத்துத் தெரியாதது."

இருபத்திரண்டு வருடம் ஆங்கிலத்தோடு புழங்கிய மனிதர் இப்படியொரு பிழை விடுவாரா என்று மாஸ்டர் சபையைக் கேட்டார். சபை, விடமாட்டார் என்றது. அடுத்த ஞாயிறிலிருந்து மண்டபம் ஏரம்புவுக்கு இல்லை என்று அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். வாசிகசாலையின் பதிவுப் புத்தகத்தில் அது அழகான கையெழுத்தில் இருக்கிறது. பிழையே இல்லை, தீர்மானத்தைத் தவிர.

இந்தப் படத்தின் உண்மையான பலவீனத்தைத் தியாகலிங்கத்தார் தன் நாலுக்குள் சேர்க்கவில்லை. பனிக்கட்டி வருகிறது, பாலம் உடைகிறது, ரயில் தறிகெட்டு ஓடுகிறது. அந்தப் பட்டினத்தின் இலட்சம் சனமும் என்ன செய்கிறார்கள்? வாயைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவராவது ஒரு கயிற்றை எறிகிறாரா? ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரா? சால்வை போர்த்த ஒருவன் வருவான், வந்து பார்த்துக்கொள்வான். முதற்பாகத்திலும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். மூன்றாம் பாகத்திலும் நிற்பார்கள். கழுத்து வலிக்காத சனம். வாசிகசாலையில் எண்பது பேர். எல்லோருக்கும் இரண்டு கண். கட்டையும் காயத்தையும் எண்பது பேரும் பார்த்தார்கள். கைக்கதிரை வாய் திறக்கும்வரை தாங்கள் பார்த்ததைத் தாங்களே நம்பவில்லை. பறக்கும் மனிதனை நம்பியவர்களுக்குத் தங்கள் கண்ணை நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது. படத்தின் பலம் என்னவென்று கேட்கிறீர்களா? எங்களை அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் அன்னபூரணம் தேத்தண்ணியை நீட்டியபடி மெல்லச் சொன்னார். "ரிக்கற் கிடைக்காமல் நானும் நீங்களும் ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வந்ததை அந்த மனிசனிட்டைச் சொல்லியிருக்கலாம். பாவம், எஞ்சினையும் வித்துப்போட்டு நிக்குது."

தியாகலிங்கத்தார் கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார்.

"அந்த ஐஸ்கிறீம் திறம்," என்றார். "இப்ப அப்பிடி வராது."

ஏரம்பு நாலு ஞாயிறு படம் காட்டவில்லை. நாலு கிழமையும் அந்த வீட்டில் என்ன காய்ச்சினார்கள் என்று நிர்வாகசபை கேட்கவில்லை. அது தீர்மானத்தில் இல்லை. ஐந்தாவது ஞாயிறு செல்லாச்சி மார்க்கண்டுவிடம் பேசி ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். பக்கத்து ஊரான சுருவில் பக்கமாக, புகையிலைக்குப் புகை போடும் குடில். யன்னலே இல்லை, சாக்குக் கட்டவேண்டிய தேவையும் இல்லை. கூரை பதிவு, கதிரை வைத்தால் தலை இடிக்கும். ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் நிலத்தில்தான். தும்மல் அதிகம். முதல் வேலையாகச் சால்வைக்காரனைச் சரியான ஒழுங்கில் போட்டார்கள். காயம் முதல், கட்டுப் பிறகு. குழந்தைகள் கைதட்டின. விளக்கம் சொல்ல ஆளில்லை. விளங்காத இடத்தில், "உதென்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்பார், "எனக்கும் விளங்கேல்லை, பொறு பாப்பம்" என்று இன்னொருவர் சொல்வார். அப்படியே கதை விளங்கிவிடுகிறது. கைக்கதிரை இல்லாமலே மனிதமூளை வேலைசெய்யும் என்பதற்கு வேலணையில் கிடைத்த முதல் ஆதாரம் இது.

ஆனால் பங்குனியில் புகையிலை வெட்டினால் மார்க்கண்டுவுக்குக் குடில் வேண்டும். பிறகு ஏரம்புவுக்குப் போக இடமில்லை. வாசிகசாலையின் வருடாந்தப் பொதுக்கூட்டம் தை மாதம். கசற் கைமாறியதைக் கண்ட மூன்று பேரும் அங்கே இருப்பார்கள். கூரையும் இருக்கும்.

தியாகலிங்கத்தாரைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நல்லது. ஒரு சின்ன விஷயம். இந்தக் கதையின் முதல் வரியில் உங்களிடம் 'முதற்பாகம் பார்த்தீர்களா' என்று கேட்டபோது, மனதுக்குள் மெல்லத் தலையாட்டினீர்களே, நினைவிருக்கிறதா? எந்தப் படத்தின் முதற்பாகம் என்று அப்போது யாராவது சொன்னார்களா?

வெட்கப்படவேண்டாம். மருந்து உண்டு. வருகிற ஞாயிறு இரண்டு மணிக்குக் குடிலுக்குப் போங்கள். குனிந்து உள்ளே நுழைந்து, செல்லாச்சிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருங்கள். விளங்காத இடம் வரும்போது, எல்லோருக்கும் கேட்க, "எனக்கு விளங்கேல்லை" என்று சொல்லுங்கள். முதல்தடவை நாக்கு ஒட்டும். பரவாயில்லை. பிறகு தை மாதக் கூட்டத்துக்குப் போய், கூரையைப் பார்க்காமல், கதிரையை விட்டு எழும்பி, கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். இரண்டாம் பாகம் முதற்பாகத்தைவிடத் திறமாக இருக்கும் என்பதை ஒரு தடவையாவது செய்து காட்டுங்கள்.